மொன்றியலுக்குள் ஓர் இத்தாலி

"கவிதை கனக்க வந்திட்டுது தம்பி, கட்டுரைதான் இல்லை. நீர் ஏதாவது எழுதித் தாரும்" என்று சங்கச் செயலாளர் அண்ணை மாசி மாதம் கோயிலில் வைத்துக் கேட்டார். நான் எழுத்தாளன் இல்லை. ஊரில் ஏ.எல். வரை படித்தவன். அதோடு படிப்பு நின்றுவிட்டது. இங்கே பிளாஸ்ரிக் வாளியும் மூடியும் செய்கிற ஒரு பக்டரியில் இரவு வேலை. இருந்தாலும் ஏ.எல். இல் வரலாற்றை ஒரு பாடமாக எடுத்தவன் என்ற துணிவில் ஓம் என்று சொல்லிவிட்டேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

விஷயம் இப்படித் தொடங்கியது. போன கோடையில் லண்டனில் இருக்கிற என் மனைவியின் தமக்கை குடும்பம் இத்தாலிக்குச் சுற்றுலா போனது. ரோமாபுரி, வெனிஸ், பீசாவின் சாய்ந்த கோபுரம் என்று நாளுக்கு நாற்பது படம் எங்கள் போனுக்கு வந்தது. நாலாம் வகுப்புப் படிக்கிற என் மகள் ஒவ்வொரு படத்தையும் பார்த்துவிட்டு, "நாங்கள் எப்ப அப்பா இத்தாலிக்குப் போறது?" என்று கேட்கத் தொடங்கினாள். மூன்று பேருக்கு விமான ரிக்கற் விலையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடி வைத்தேன். "வாற ஞாயிறு போவம்" என்றேன். மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

பார்க் எக்ஸ்ரென்ஷனில் இருக்கிற எங்கட சனத்துக்கு இத்தாலி இரண்டு மெற்றோ ஸ்ரேஷன் தூரம்தான். நீலக் கோட்டில் பார்க் ஸ்ரேஷனில் ஏறினால் அடுத்தது டு கஸ்தெல்னோ, அதற்கடுத்தது ஜோன்-தலோன். கால் பலம் உள்ளவர்கள் நடந்தே போகலாம். 'பெதித் இத்தாலி', அதாவது சின்ன இத்தாலி என்று அந்தப் பகுதிக்குப் பெயர். ஜோன்-தலோன் மார்க்கற்றுக்கு நாங்கள் எல்லாரும் போயிருக்கிறோம். மலிவு என்று கத்தரிக்காயைப் பெட்டியோடு வாங்கி வந்திருக்கிறோம். ஆனால் மார்க்கற்றிலிருந்து பத்து நிமிஷ நடையில் என்ன இருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நானும் பதின்மூன்று வருஷம் பார்க்கவில்லை.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஓர் இத்தாலியக் கிழவர். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பக்டரியில் மெஷின் திருத்தினவர். இப்போது பென்ஷனில் இருக்கிறார், எண்பது வயது. 1960 இல் பதினைந்து வயதுப் பொடியனாகத் தகப்பனோடு கப்பலில் ஹலிஃபாக்ஸ் வந்து, அங்கிருந்து ரெயினில் மொன்றியல் வந்தவர். அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் சேர்ந்தால்தான் ஒரு முழு வசனம் வரும். மிச்சத்தை என் மகள் பார்த்துக்கொண்டாள்.

முதலில் பழைய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் தெற்குப் பக்கத்து ஏழைக் கமக்காரர் மொன்றியலுக்கு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். கோடையில் தண்டவாளம் போடும் வேலை, குளிரில் வேலை இல்லை. இந்த வேலையைப் பிடித்துக் கொடுக்க ஏஜென்ற்மார் இருந்தார்கள். அவர்களுக்குள் பெரிய ஆள் அந்தோனியோ கோர்தாஸ்கோ. கனேடியன் பசிபிக் ரெயில்வேக்கு இத்தாலியத் தொழிலாளரைச் சேர்த்துக் கொடுத்தவர் இவர். கப்பல் ரிக்கற் விற்பதும் இவர், காசு மாற்றுவதும் இவர், காட்டுக்குள் வேலை செய்கிற ஆட்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் அனுப்பி அதிலே லாபம் பார்ப்பதும் இவர். பதிவுக் காசு என்று கூலியாளிடம் 3 டொலர், கங்காணியிடம் 10 டொலர். 1904 தை மாதத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் இவருக்காக மொன்றியல் தெருவில் ஊர்வலம் போனார்கள். இத்தாலியத் தொழிலாளரின் அரசன் என்று இவருக்குக் கிரீடமும் வைத்தார்கள். பனிக்காலம், வேலையில்லாத சனம், அதற்கு ஒரு ராசா!

அந்த இளவேனிலில் இவரை நம்பிக் காசு கட்டி வந்து இறங்கிய ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொன்ன வேலை இல்லை. தெருவில் நின்றார்கள். விஷயம் பெரிதாகி, அதே 1904 இல் கனடா அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்து இந்த ஏஜென்ற்மாரின் கணக்குகளைப் பார்த்தது. இதைக் கேட்டபோது நான் 2011 இல் ஏழு மாதம் ஒரு வெளிநாட்டு அறையில் பதினாலு பேரோடு இருந்து, "அடுத்த கிழமை பயணம், அடுத்த கிழமை பயணம்" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. எங்களுக்கு எந்த விசாரணைக் குழுவும் இருக்கவில்லை. அது வேறு கதை.

மெல்ல மெல்லப் பெண்சாதி பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். துறைமுகப் பக்கம் நெருக்கமாக இருந்தவர்கள் நகரத்தின் வடக்கே நகர்ந்தார்கள். அங்கே ரெயில் வேலை கிட்ட இருந்தது, வீட்டுக்குப் பின்னால் தக்காளி நடவும் கொஞ்சம் நிலம் இருந்தது. 1910 இல் அவர்களுக்கென்று அங்கே ஒரு பங்கு ஏற்பட்டது. மொலிசே என்கிற மாகாணத்தில் கசகலேண்டா என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊர்க்காரர் தங்கள் மாதாவையும் கூடவே கொண்டு வந்தார்கள். மடோனா டெல்லா டிஃபேசா, பாதுகாக்கிற மாதா. நாங்கள் நல்லூர்க் கந்தனையும் மடு மாதாவையும் மனதில் சுமந்து வந்ததுபோலத்தான். அந்த மாதாவின் பெயரில் 1918-19 இல் கட்டிய கோவில் அன்றி-ஜூலியன் தெருவில் நிற்கிறது. சிவப்புச் செங்கல், நடுவில் பெரிய கும்மட்டம், சிலுவை வடிவில் கட்டிடம். 2002 இல் கனடா அரசு இதைத் தேசிய வரலாற்று இடமாக அறிவித்தது.

வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. உள்ளே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரை, சுவர் எல்லாம் ஓவியம். வரைந்தவர் குவிடோ நிங்கேரி. 1885 இல் இத்தாலியில் பிறாத்தோ என்ற நகரில் பிறந்து, முதலாம் உலக யுத்தம் தொடங்கிய காலத்தில் மொன்றியலுக்கு வந்தவர். இந்தக் கோவிலின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. இது ஃபிரெஸ்கோ என்கிற முறை. சுண்ணாம்புச் சாந்து பூசி, அது ஈரமாக இருக்கும்போதே நிறத்தைத் தீட்ட வேண்டும். காய்ந்தால் நிறம் சுவரோடு சுவராகிவிடும். அதனால் ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் சாந்து பூசுவார்கள். பிழைத்தால் கொத்தி எடுத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். சாரத்தில் ஏறி அண்ணாந்தபடி செய்கிற வேலை. மெஷினுக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நிற்கிற எனக்கே அந்த மனுஷனின் கழுத்து நோவை நினைக்கக் கஷ்டமாக இருந்தது.

பலிபீடத்துக்கு மேலே உள்ள அரைக் கும்மட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. மேலே மாதா, தேவதூதர். கீழே பாப்பரசர் பதினோராம் பத்திநாதர், கர்தினால்மார். வானொலியில் பேர்பெற்ற மார்க்கோனிகூட இருக்கிறார். வலது பக்கம் ஒருவர் குதிரையில் இருக்கிறார்.

"அந்தக் குதிரைக்காரர் ஆர் அப்பா? அவரும் புனிதரோ?" என்று மகள் கேட்டாள்.

நான் ஏ.எல். புத்தகத்தில் பார்த்த முகம். பெனிற்றோ முசோலினி. எனக்கு ஒரு கணம் கதை வரவில்லை. கிழவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். வருகிற எல்லாரும் இந்த இடத்தில் இப்படித்தான் நிற்பார்களாம்.

ஏன் வரைந்தார்கள்? 1929 இல் முசோலினியின் அரசும் பாப்பரசரும் லாத்தரன் உடன்படிக்கையில் கைச்சாத்திட்டார்கள். ஏறக்குறைய அறுபது வருஷமாக இழுபட்ட பிரச்சினை அதோடு தீர்ந்து, வத்திக்கான் தனி நாடாகியது. அதைக் கொண்டாடத்தான் 1930 களின் தொடக்கத்தில் இந்த ஓவியம் வரையப்பட்டது. அந்த நேரம் முசோலினியை மெச்சியவர்கள் இத்தாலியர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டுப் பெரிய மனிதர்களில் கனபேர் மெச்சினார்கள். தெருவில் "மக்கரோனி" என்று ஏளனம் கேட்ட ஒரு கூலித் தொழிலாளிக்கு, எங்கட நாட்டிலும் ஒரு பலசாலி இருக்கிறான், உலகமே அவனைப் பார்க்கிறது என்ற எண்ணம் நெஞ்சை நிமிர்த்தியிருக்கும். அது எனக்கு விளங்குகிறது. நல்லாகவே விளங்குகிறது. ஆனால் அதே மனிதன் தன் நாட்டில் எதிர்த்துக் கதைத்தவர்களை மறியலில் போட்டவன், 1935 இல் எதியோப்பியாவுக்குள் படையோடு புகுந்து நச்சுவாயு அடித்தவன். அதை இங்கிருந்த பலர் அறியவில்லை, அல்லது அறிய விரும்பவில்லை.

1940 ஆனி 10 ஆம் திகதி இத்தாலி யுத்தத்தில் குதித்தது. அன்றைக்கே கனடாவில் இத்தாலியர் வீட்டுக் கதவுகள் தட்டப்பட்டன. சுமார் 31,000 பேரை 'எதிரி அந்நியர்' என்று பதிந்தார்கள். கைரேகை எடுத்தார்கள். மாதாமாதம் பொலிசுக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். ஏறக்குறைய 600 பேரைப் பிடித்துத் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானோர் போன இடம் ஒன்ராறியோவில் உள்ள பெட்டவாவா. கடைக்காரர், வைத்தியர், கொத்தனார் என்று எல்லா விதமான ஆட்களும் இருந்தார்கள். நாசவேலை செய்ததாக ஒருவர்மீதும் வழக்கு நிரூபிக்கப்படவில்லை. ஓவியர் நிங்கேரியும் பிடிபட்டார். இந்தக் குதிரைப் படம்தான் காரணம். அவருடைய மனைவி, முசோலினி இல்லாத முதல் மாதிரிப் படங்களை அதிகாரிகளிடம் காட்டி, பங்குக்காரர் வற்புறுத்தித்தான் பிறகு சேர்க்கப்பட்டது என்று வாதாடி, சில மாதத்தில் அவரை வெளியே எடுத்தா. மற்றவர்களில் சிலர் வருஷக்கணக்கில் இருந்தார்கள்.

அதே முகாமில் இன்னொருவரும் இருந்தார். மொன்றியல் நகரபிதா கமிலியான் ஊட். யுத்தத்துக்காக ஆட்களைப் பதிகிற சட்டத்துக்குப் பணிய வேண்டாம் என்று சொன்னதற்காக 1940 ஆவணியில் பிடித்து நாலு வருஷம் வைத்திருந்தார்கள். 1944 இல் வெளியே வந்தார், அதே வருஷம் மொன்றியல் சனம் அவரையே திரும்ப நகரபிதாவாகத் தெரிவு செய்தது. இந்த நகரத்தின் குணம் அப்படி.

கிழவர் தன் தாயின் மாமன் ஒருவரும் பெட்டவாவாவில் இருந்தவர் என்று சொன்னார். வெளியில் வந்த பிறகு அந்த மனிதர் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லையாம். வீட்டில் பிள்ளைகளோடு இத்தாலியன் கதைப்பதையும் நிறுத்திவிட்டாராம். இது என் மகள் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னது. சொல்லிவிட்டு, "ஏன் அப்பா அவர் கதைக்கேல்லை?" என்று என்னைக் கேட்டாள். நான் இரண்டாயிரத்து ஒன்பதைப் பற்றி அவளுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. "பிறகு சொல்லுறன்" என்றேன்.

யுத்தம் நடந்த காலம் முழுக்க அந்தக் குதிரைக்காரரை மூடி வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்தபின் திரும்பத் திறந்தார்கள். அழிக்கவில்லை. அழிக்கச் சொன்னவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கும்பிடுகிற இடத்தில், பலிபீடத்துக்கு மேலே, ஒரு சர்வாதிகாரி. ஆனால் அந்தச் சுவரைக் கொத்தியிருந்தால் இன்றைக்கு என் மகள் கேள்வி கேட்டிருக்க மாட்டாள், கிழவரும் தன் மாமனைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார். பிரதமர் மல்ரோனி 1990 இல் இத்தாலியர் சங்கங்களின் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். நாடாளுமன்றத்தில் முறையான மன்னிப்பு 2021 வைகாசி 27 இல்தான் வந்தது, பிரதமர் ட்ரூடோ கேட்டார். எண்பத்தொரு வருஷம். முகாமில் இருந்தவர்களில் அதைக் காதால் கேட்க ஆர் மிஞ்சியிருந்தது?

கோவிலை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே தாந்தே பூங்கா. இத்தாலியின் பெருங்கவி தாந்தேயின் மார்பளவுச் சிலை நிற்கிறது. அவர் இறந்து 600 ஆண்டு நிறைவை ஒட்டிச் செய்யப்பட்டது. கார்லோ பல்போனி என்ற சிற்பி செய்தது. முன்பு லாஃபோன்ரேன் பூங்காவில் இருந்து, பிறகு இங்கே வந்தது. தாந்தேயும் நாடு கடத்தப்பட்டு, பிறந்த ஊருக்குத் திரும்பாமலே செத்தவர்தான். நாங்கள் வாங்கில் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். கிழவருக்கும் கொடுத்தோம். கத்தரிக்காய்க் குழம்பு உறைப்பு என்று கண்ணைத் துடைத்துத் துடைத்து முழுவதையும் சாப்பிட்டார்.

சாப்பிட்டபின் சென்-லோறன் வீதிக்கு வந்தோம். 1954 இல் தொடங்கிய மிலானோ மளிகைக் கடை, 1956 இல் தொடங்கிய கஃபே இத்தாலியா. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு வந்த பெரிய கூட்டத்தின் அடையாளங்கள் இவை. கோப்பியைச் சின்னக் கோப்பையில், எங்கட ஊர்ப் பாணி மருந்துபோலத் தருகிறார்கள். நின்றபடி ஒரே மடக்கில் குடிக்க வேண்டுமாம். மனைவி தனக்குத் தேத்தண்ணி போதும் என்று சொல்லிவிட்டா. மார்க்கற் 1933 இல் திறந்தது. அதற்கு முந்தி அது ஐரிஷ்காரரின் லாக்குறோஸ் விளையாட்டு மைதானம். ஒரு சனம் போக இன்னொரு சனம் வரும் இடம் அது. புரட்டாதியில் போனால் வைன் வடிக்கிற முந்திரிகைப்பழத்தைப் பெட்டி பெட்டியாகக் குவித்திருப்பதைப் பார்க்கலாம். இத்தாலியர் வீட்டுக் கொல்லைகளில் அத்திமரம் உண்டு. பனிக்கு முந்தி அதைச் சாய்த்து மண்ணுக்குள் புதைத்தோ சாக்கால் சுற்றியோ வைத்து, சித்திரையில் திரும்ப நிமிர்த்துவார்கள். எங்கட வீடுகளில் கறிவேப்பிலைச் சாடியை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துப் பிள்ளைபோலப் பார்க்கிறோமே, அந்தப் பைத்தியம்தான்.

பள்ளிக்கூடக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். பின்னால் வந்த இத்தாலியர் கனபேர் சென்-லெயோனார் பகுதியில் வீடு வாங்கினார்கள். தங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்தால்தான் முன்னேறலாம் என்று நினைத்தார்கள். 1968 இல் அங்கிருந்த பாடசாலைச் சபை, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மட்டும்தான் என்று முடிவெடுத்தது. 1969 புரட்டாதியில் தெருவில் அடிபாடு நடந்தது. அது மாகாணம் முழுக்கப் பரவின அரசியலாகி, 1977 இல் 101 ஆம் சட்டத்தில் போய் முடிந்தது. அதனால்தான் எங்கட பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போகிறார்கள். 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கண்ட எங்களுக்கு மொழிச் சட்டம் என்றாலே நெஞ்சு பதறும். ஆனால் இங்கே தன் மொழி அழிந்துவிடும் என்று பயந்து சட்டம் போட்டவனும் வட அமெரிக்காவில் சின்னச் சனம்தான். ஆர் சரி, ஆர் பிழை என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. கிழவரின் பேரப்பிள்ளைகள் மூன்று மொழியிலும் சண்டை பிடிப்பார்களாம்.

திரும்பி வரும்போது ஜோன்-தலோன் மெற்றோ வாசலடியில் காசா டித்தாலியாவைக் காட்டினார். இத்தாலிய வீடு என்று அர்த்தம். 1936 இல், பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில், நகரசபை கொடுத்த காணியில் சனத்திடம் காசு சேர்த்துக் கட்டிய மண்டபம். முசோலினி கட்சிக்காரரின் கூட்டங்களும் இதற்குள் நடந்தன, ஏழைகளுக்கு உதவியும் நடந்தது. 1940 இல் இதையும் அரசு எடுத்து இராணுவத்துக்குக் கொடுத்தது. யுத்தத்துக்குப் பிறகுதான் திரும்பக் கிடைத்தது. இன்றைக்கும் அவர்களின் சமூக நிலையமாக நிற்கிறது. 1986 ஆவணியில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகில் மிதந்த எங்கட ஆட்கள் 155 பேரை மீனவர் காப்பாற்றினார்கள் அல்லவா, அவர்களில் மொன்றியலுக்கு வந்தவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதை ஆராவது பதிந்து வைத்திருக்கிறோமா? வைக்கிறது என்றாலும் எந்த அலுமாரியில்? மண்டபத்தை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, பத்து மணிக்குக் கதிரை அடுக்கிவிட்டு வருகிற ஆட்கள் நாங்கள்.

போன வருஷப் பொதுக்கூட்டத்தில் எங்கள் சங்கத்துக்குச் சொந்த மண்டபம் வாங்குவது பற்றிப் பேச்சு எடுத்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். மண்டபம் வாங்க முந்தியே சுவரில் எந்தப் படம் மாட்டுவது, எந்தப் படம் மாட்டக் கூடாது என்று தொடங்கி, கதிரை தூக்கும் அளவுக்குப் போய், காசு சேர்க்கிற கதை அப்படியே நின்றுபோனது. நான் அன்றைக்கு ஒன்றும் கதைக்கவில்லை. எனக்கும் அந்தப் படங்களில் சொந்தக்காரர் உண்டு. அதனாலேயே வாய் திறக்கவில்லை. இப்போது எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. முதலில் சுவரை வாங்குவோம். மாட்டுவதை மாட்டுவோம். ஆனால் பக்கத்தில் நின்று பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு, நல்லதும் கெட்டதும் சேர்த்துப் பதில் சொல்லக்கூடிய ஆட்களாக நாங்கள் இருக்க வேண்டும். அது முடியாது என்றால் நல்லூர்த் தேர்ப் படம் ஒன்று போதும்.

இந்த விஷயம் வைகாசிக் கூட்டத்தில் திரும்ப வருகிறது என்று செயலாளர் அண்ணை சொன்னார். அதற்கு முந்தி, பனியும் கரைந்துவிட்டது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கோ. ஞாயிறு பூசை நேரத்தில் படம் எடுக்க வேண்டாம், பூசை முடியும் வரைக்கும் பின் வாங்கில் இருந்து பிறகு பாருங்கோ. குதிரைக்காரர் வலது பக்கம் கீழே இருக்கிறார். பெரியவர்கள் காட்டத் தேவையில்லை, பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்.